100 பாத் ரிக்கற்

தாய்லாந்துக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும் மூன்று வீட்டிலும் கேட்ட முதல் கேள்வி, "உங்களிட்ட அவ்வளவு காசு கிடக்கோ?" என்பதுதான். கிடக்கவில்லை. நாங்கள் மூன்று பேர். ஒருவன் யாழ்ப்பாணம், ஒருத்தி ஹட்டன், ஒருத்தி மட்டக்களப்பு. கம்பஸில் ஒன்றாகப் படித்து, இப்போது மூன்று இடங்களில் சின்னச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். ஒரு வருசம் சீட்டுக் கட்டினோம். மலிவு விலையில் விமான ரிக்கற் வந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப்போட்டோம். கணக்குப் பார்த்தது அதற்குப் பிறகுதான். பத்து நாளுக்குச் சாப்பாடும் படுக்கையும் போக, ஊர் சுற்றுவதற்கு மிஞ்சியது கொஞ்சம். டாக்ஸி சரிவராது, உள்ளூர் விமானம் சரிவராது, வழிகாட்டியோடு கூட்டிக்கொண்டு போகிற வான் சரிவரவே வராது. ரயில்தான் மிச்சம்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே உதவக்கூடிய விசயங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்ல நினைத்த மற்றக் கதை பிறகு வரும்.

தாய்லாந்து ரயிலில் மூன்று வகுப்புகள். முதலாம் வகுப்பை மறந்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு இரவுப் பயணத்துக்கு. பாங்கொக்கிலிருந்து சியாங் மாய் ஏறக்குறைய 750 கிலோமீற்றர். பின்னேரம் ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம், ஒரு இரவு அறைக் காசும் மிச்சம். மேல் படுக்கை கீழ்ப் படுக்கையைவிட மலிவு, ஏனெண்டால் அகலம் குறைவு, யன்னலும் இல்லை. பெட்டியைப் பார்க்கிற ஆளே வந்து மெத்தை விரித்துத் தருவார். ஏசி விறைக்கும், ஒரு போர்வையைக் கையோடு வைத்திருங்கள். இணையத்தில் ரிக்கற் எடுக்கலாம். விடுமுறை நாட்கள் என்றால் முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

மூன்றாம் வகுப்புத்தான் எங்களுடைய வகுப்பு. காற்றாடி, திறந்த யன்னல், நிமிர்ந்த இருக்கை. பகல் நேரச் சாதாரண ரயில் எல்லா ஸ்டேசனிலும் நிற்கும், நேரத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். பாங்கொக்கிலிருந்து அயுத்தயாவுக்கு 20 பாத் அளவில் போய்விடலாம். நாங்கள் போன நேரம் ஒரு பாத் ஏறக்குறைய எங்கட 9 ரூபா. பழைய தலைநகரம் ஒன்றைப் பார்க்க 180 ரூபாயில் போனோம் என்று ஊரில் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை.

ஒரு எச்சரிக்கை. பாங்கொக்கில் ஸ்டேசன் ஒன்றல்ல. 2023 ஜனவரியிலிருந்து தூரப் பயண ரயில்கள் பெரும்பாலும் குருங் தெப் அபிவத் என்ற புது ஸ்டேசனிலிருந்து வெளிக்கிடுகின்றன. பழைய ஹுவா லம்போங் ஸ்டேசனில் சாதாரண ரயில்கள் இன்னும் ஓடுகின்றன. மேற்குப் பக்கம் காஞ்சனபுரிக்குப் போகிற ரயில் இரண்டிலும் இல்லை. அது சாவோ பிரயா ஆற்றுக்கு அந்தக் கரையில், தொன்புரி என்ற சின்ன ஸ்டேசனிலிருந்து புறப்படும். நாங்கள் இதைச் சரியாக வாசிக்காமல் ஒரு நாள் பிழையான ஸ்டேசனில் போய் நின்று, ரயிலை விட்டுப்போட்டு, இரண்டு ஐஸ் கோப்பியோடு திரும்பி வந்தோம். பிழை முழுக்க எங்களுடையது.

பாசை தெரியாதென்று பயப்படவும் தேவையில்லை. தாய் மொழியில் ரயிலுக்கு 'ரொட் ஃபை' என்று பெயர். ஃபை என்றால் நெருப்பு. ரொட் என்பது எங்கட ரதம்தான், சமஸ்கிருதத்திலிருந்து அங்கே போயிருக்கிறது. நாங்கள் புகையிரதம் என்கிறோம், அவர்கள் நெருப்பிரதம் என்கிறார்கள். புகை எங்களுக்கு, நெருப்பு அவைக்கு. ஸ்டேசன் பெயர்களிலும் இப்படித்தான். தனபுரி தொன்புரியாகி நிற்கிறது. காஞ்சனபுரிக்கு விளக்கமே தேவையில்லை. எங்களை மாதிரி ஆட்களுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. வெள்ளைக்காரர் 'ஃபராங்'. தெற்காசியத் தோற்றமுள்ளவர்கள் 'கேக்'. பிறந்தநாளுக்கு வெட்டுகிறது இல்லை, விருந்தாளி என்று அர்த்தம். சொல்கிற விதத்தைப் பொறுத்து மரியாதையாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். முதல் நாலு நாளில் இரண்டையும் கேட்டுவிட்டோம்.

*

காஞ்சனபுரிக்குப் போகத் தீர்மானித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மலிவு, அவ்வளவுதான். தொன்புரியிலிருந்து நாம் தொக் என்கிற கடைசி ஸ்டேசன் வரை ஐந்து மணித்தியாலப் பயணம். வெளிநாட்டவருக்கு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 100 பாத். முற்பதிவு கிடையாது. காலை 7.50 ரயிலுக்கு அரை மணித்தியாலம் முதல் போய்க் கவுண்டரில் நின்றால் சரி.

உள்ளூர் ஆட்களுக்கு அதே பயணம் அதில் பாதியும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனா. நாங்கள் ஆளுக்கு ஒரு நூறு பாத் தாளை நீட்டினோம். மட்டக்களப்புக்காரி சிரித்தாள். "சீகிரியாவுல வெள்ளைக்காரனுக்கு டொலர்ல, நமக்கு ரூவாயில. இஞ்ச நாமதான் வெள்ளைக்காரன்." அந்தப் பகிடியை அன்று மத்தியானம் வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பயணம் உண்மையிலேயே நல்லது. நகரம் முடிய வயல், வயல் முடியக் கரும்பு. ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஏறி இறங்கி வியாபாரம் செய்கிற பெண்கள். பொரித்த கோழியும் ஒட்டிப் பிடிக்கிற சோறும் ஒரு பையில், ஐஸ் கோப்பி இன்னொரு பையில். யாழ்தேவியில் வடை விற்கிறவரின் குரலும் இந்தக் குரல்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி இருந்தன. காஞ்சனபுரி வரும்வரை பெட்டியில் முக்கால்வாசி உள்ளூர்ச் சனம். காஞ்சனபுரியில் அவர்கள் இறங்க, சுற்றுலாக் கூட்டம் ஏறியது. அடுத்த சில நிமிடங்களில் ரயில் ஆமை மாதிரி ஊர்ந்து ஒரு இரும்புப் பாலத்தில் ஏறியது. பாலத்தின் கரையில் ஒதுங்கி நின்ற ஆட்கள் எங்களைப் படமெடுத்தார்கள், நாங்கள் அவர்களைப் படமெடுத்தோம்.

இதுதான் க்வாய் நதிப் பாலம். இதைப் பற்றி எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரில் வந்த ஆங்கிலப் படம் தெரியும். 1957இல் வந்தது, டேவிட் லீன் எடுத்தது. அது தாய்லாந்தில் எடுத்த படமே இல்லை, எங்கட கித்துள்கலையில் களனி கங்கையில் பாலம் கட்டி எடுத்தது. இன்றைக்கும் கித்துள்கலைக்கு வெள்ளத்தில் படகோட்டப் போகிறவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டுவார்கள். அந்தப் படத்தால் இந்த ஆற்றின் பெயரே மாறியது. பாலம் உண்மையில் மே க்ளோங் என்ற ஆற்றின் மேல் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் க்வாய் எங்கே, க்வாய் எங்கே என்று கேட்கக் கேட்க, 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு க்வாய் யாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்டவாளத்தின் கதை இதுதான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. கடல் வழி ஆபத்தாக இருந்ததால் தன் படைக்குச் சாமான் அனுப்ப ஒரு தரைவழி தேவைப்பட்டது. தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீற்றர் பாதை. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்தவர்கள் போர்க்கைதிகளும், ஆசியக் கூலித் தொழிலாளர்களும். இவ்வளவையும் ரயிலில் இருந்துகொண்டே போனில் வாசித்தோம். பழைய பாதையில் இன்றைக்கு ரயில் ஓடுவது நாம் தொக் வரைதான். அதற்கு அப்பால் போருக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள்.

நாம் தொக்குக்குச் சற்று முன்னால் ஒரு இடம் வரும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கீழே ஆறு. பாறையை ஒட்டி மரக்கால்களின் மேல் நிற்கிற பாலத்தில் ரயில் வளைந்து போகும். தாம் க்ரசே என்று அந்த இடத்துக்குப் பெயர். எல்லாப் பயணக் குறிப்புகளிலும் சொல்லியிருப்பார்கள்: போகும்போது இடப்பக்க யன்னலைப் பிடியுங்கள் என்று. நாங்களும் பிடித்திருந்தோம். பெட்டி முழுக்க எழும்பி இடப்பக்கம் சாய்ந்தது. போன்கள், கைகள், தலைகள் எல்லாம் வெளியே.

ஹட்டன்காரி மட்டும் தலையை உள்ளே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை சுத்துதோ என்று கேட்டோம். "இல்ல," என்றாள். "நான் இத அந்தப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

அவளுடைய லயம் ரயில் பாதைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே. சின்ன வயதில் எல்ல பக்கம் போகிற ரயில் வருகிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து கை காட்டுவார்களாம். வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு திரும்பக் கை காட்டுவார்கள், சிலவேளை டொஃபி எறிவார்கள். "அப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் பெருசானதுக்குப் பொறகுதான் வெளங்குச்சு. எங்க அம்மாயி கொழுந்து எடுக்குற படம் எத்தன பேரு போன்ல இருக்கோ தெரியாது. அவங்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ரயில் பாதையக் கூட எங்காளுங்கதான் போட்டாங்க. அழகா இருக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க, யாரு போட்டாங்கன்னு எழுத மாட்டாங்க."

எங்கட நாட்டில் ரயில் வந்ததே கோப்பிக்காகத்தான். 1867இல் கண்டிக்குப் பாதை போனது கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. பிறகு அது தேயிலைக்காக இன்னும் மேலே ஏறியது. அதைப் போட்டவர்களில் பெருந்தொகையானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரி. தாய்லாந்தில் ஒரு மரப்பாலத்தின் மேல் வைத்து அவள் சொன்னபோதுதான் அது எங்கள் மற்ற இரண்டு பேருக்கும் வரியாக இல்லாமல் விளங்கியது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். கொஞ்ச நேரமாகப் போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தவள் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆசியக் கூலித் தொழிலாளர் என்று ஒரு சொல்லோடு நாங்கள் கடந்து வந்தோமே, அவர்களில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் இறப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர்கள்.

நாம் தொக்கில் இறங்கி, ஸ்டேசன் கடையில் ஒரு நூடில்ஸ் சாப்பிட்டு, அதே ரயில் திரும்ப வெளிக்கிட அதிலேயே ஏறிக் காஞ்சனபுரிக்கு வந்தோம். இன்னொரு 100 பாத். திரும்பி வரும்போது அந்த மரப்பாலத்தில் நாங்கள் மூன்று பேரும் எழும்பவில்லை. அது மரியாதையா, களைப்பா என்று கேட்டால் இரண்டும்தான்.

*

அன்றிரவு ஆற்றங்கரை விடுதியில் காற்றாடிக்குக் கீழே படுத்துக்கொண்டு நிறைய வாசித்தோம். மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். இலங்கையில் இருக்கிற எங்களுக்குத்தான் அது எட்டவில்லை.

தோட்டங்களில் முதலில் ஆசை காட்டித்தான் ஆள் சேர்த்திருக்கிறார்கள். கொஞ்ச மாத வேலை, நாட்கூலி, அரிசி என்று. யுத்தத்தால் இறப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினி கிடந்த நேரம் அது. போனவர்களிடமிருந்து தகவல் வராமல் போக, ஆட்கள் மறுக்கத் தொடங்கினார்கள். பிறகு பலவந்தம். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கதவைப் பூட்டி, அப்படியே கொண்டுபோன கதைகளும் இருக்கின்றன. பெட்டி பூட்டிய சாமான் ரயிலில் நாட்கணக்கில் பயணம். இறங்கியபின் காட்டு வழியே நடை. 1943இல் மழையோடு கொலரா வந்தது. கைதிகளுக்குள் இராணுவ வைத்தியர்கள் இருந்தார்கள், கணக்கு எழுத அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளுக்கு இரண்டும் இல்லை. 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளில் இறந்தவர்கள் 13 ஆயிரம் அளவில். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகையை 80 ஆயிரத்துக்கும் ஒரு இலட்சத்துக்கும் இடையில் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த இடைவெளியிலேயே 20 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதே மதிப்பீடு.

யாழ்ப்பாணத்துக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தான். பிறகு, "எங்கட பூட்டன் மலாயா றெயில்வேயில கிளாக்கர்," என்றான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதினம் இல்லை. வெள்ளைக்காரன் மலாயாவில் ரயில் பாதை போட்டபோது, இங்கிலீசு படித்த யாழ்ப்பாணத்தார் கிளாக்கராகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் கப்பலேறினார்கள். திரும்பி வந்து மலாயன் பெஞ்சனியர் என்று பெயரெடுத்தார்கள். ஊரில் பெரிய முற்றமும் தூண் வைத்த விறாந்தையுமாக நிற்கிற பழைய வீடுகள் பலவற்றுக்குப் பின்னால் அந்தக் காசு இருக்கிறது. அவனுடைய வீடும் அப்படி ஒன்றுதான். ஒரு மூலை ஷெல்லில் உடைந்தும் மிச்சம் நிற்கிறது.

இரவு பத்து மணிக்கு அம்மம்மாவுக்கு வாட்சப்பில் அழைப்பு எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மம்மா, பூட்டப்பா ஜப்பான்காரன்ர காலத்தில எங்க நிண்டவர்?"

"ஏன் ராசா, இப்ப என்னத்துக்கு? சாப்பிட்டனியே?"

"சாப்பிட்டனான். சொல்லுங்கோவன்."

"சிரம்பான் பக்கம் ஒரு ஸ்டேசனில. நான் பிறக்க முந்தின கதை. மூண்டு வருசம் காயிதமும் இல்லை, காசும் இல்லை. ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் அம்மா தவிச்சுப்போனா. யுத்தம் முடியத்தான் காயிதம் வந்தது."

"அந்தக் காலத்தைப் பற்றி ஏதும் சொல்லுறவரோ?"

"ஒண்டும் சொல்லார். மரவள்ளிக்கிழங்கு அவிச்சால் மட்டும் எழும்பிப் போயிடுவார். அந்த மணம் அவருக்கு ஆகாது. ஏன் மோனை, என்ன நடந்தது?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தான். யுத்த காலத்தில் மலாயாவில் அரிசி இல்லாமல் சனம் மரவள்ளியில்தான் உயிர் தப்பியது என்று அன்றைக்குத்தான் வாசித்திருந்தோம்.

ஹட்டன்காரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "தோட்டத்து ஆளுங்கள ஏத்துன ரயிலுங்க அந்த ஸ்டேசனுங்க வழியாத்தானே வடக்க போயிருக்கும்," என்றாள். அவன் ஓம் என்றான். "அவரு மேல கோவம் ஒண்ணும் இல்ல. வேல செஞ்சிருப்பாரு, பயந்திருப்பாரு. ஆனா அதே தண்டவாளந்தான். ஒங்க வீட்டுக்கு அதுல பெஞ்சன் வந்துச்சு. எங்காளுங்க மாதிரி இருந்தவங்க அதுல ஏறித் திரும்பி வரல. சிலோனுக்கு வந்தவங்களும் மலாயாவுக்குப் போனவங்களும் ஒரே ஊருக்காரங்க. திருச்சி, சேலம், அந்தப் பக்கம். கங்காணி எந்தக் கப்பல்ல ஏத்துனானோ அதான்."

நாலு வருசம் ஒன்றாகப் படித்தோம். அவளை ஒருநாளும் வித்தியாசமாக நினைத்ததில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் எங்கட வீடுகளில் மலைநாட்டு ஆட்களைப் பற்றிக் கதைக்கிற விதமும், வீட்டு வேலைக்குத் தோட்டத்திலிருந்து பிள்ளை எடுத்த கதைகளும், அவள் முதல் தரம் யாழ்ப்பாணம் வந்தபோது ஒரு மாமி கேட்ட கேள்வியும் எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றிரவு கதைத்தோம். எல்லாவற்றையும் இங்கே எழுத ஏலாது. மன்னிப்புக் கேட்கிற கட்டம் வந்தபோது அவள், "படுங்க, காலைல நெறைய நடக்கணும்," என்று லைற்றை நிப்பாட்டினாள்.

*

காஞ்சனபுரி ஸ்டேசனுக்குக் கிட்ட, ரோட்டைக் கடந்தால் யுத்த சேமக்காலை. உள்ளே போகக் காசு இல்லை. வெட்டின புல், வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் வீட்டார் எழுதக் கொடுத்த ஒரு வரி. 22, 24, 27. எங்கட வயது. பிரித்தானியர், அவுஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று ஏறக்குறைய 7 ஆயிரம் பேர். ஒரு கிழவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லைத் தேடிப்போய் நின்றா. எண்பது வருசத்துக்குப் பிறகும் வந்து நிற்க ஒரு இடம் இருந்தது. எங்களுக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது. காணாமல் போனவர்களின் படத்தை வைத்துக்கொண்டு ரோட்டோரம் இருக்கிற அம்மாமாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொறாமை விளங்கும்.

பக்கத்தில் ரயில் பாதைக்கென்று நூதனசாலை ஒன்று இருக்கிறது. அதன் ரிக்கற் ரயில் ரிக்கற்றைவிடக் கூட. ஆனாலும் போங்கள், கூலித் தொழிலாளர்களைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய சேமக்காலை எங்கே என்று கேட்டால், பாதை நெடுக என்பதுதான் பதில். 1990இல்கூட காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்திருக்கின்றன. நாங்கள் யன்னலால் படமெடுத்துக்கொண்டு வந்ததும் கரும்புத் தோட்டங்களைத்தான்.

சேமக்காலையிலிருந்து நடக்கிற தூரத்தில் வாட் தாவொன் வராராம் என்று ஒரு விகாரை. வியட்நாம் மரபில் வந்தது. அதன் வளவில், அண்மைய வருசங்களில், தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் இந்தப் பாதையில் இறந்த தமிழருக்கென்று ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான பயணக் குறிப்புகளில் இது இல்லை. வாசலில் இருந்த ஐயாவுக்கு எங்களைக் கண்டதும் விளங்கிவிட்டது. "கேக்," என்று சிரித்துக்கொண்டு கையால் வழி காட்டினார். அந்தச் சொல்லை மரியாதையாகக் கேட்ட தரங்களில் அதுவும் ஒன்று.

வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று மட்டக்களப்புக்காரி திரும்ப ஓடினாள். மல்லிகைப்பூ மாலை ஒன்றோடு வந்தாள், 20 பாத். "அதுக்கு அவங்கட பாசையிலயும் மாலைதான்," என்றாள் மூச்சு வாங்க. உண்மைதான். தாய் மொழியில் அது 'புவாங் மாலை'. யார் போடுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். மாலையை ஹட்டன்காரியிடம் கொடுத்தோம். அவள் யாழ்ப்பாணத்துக்காரனைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். தேவாரம் படிப்பதா, பேசாமல் நிற்பதா என்று தெரியவில்லை. பேசாமல் நின்றோம். வெயில் சுட்டது. ஒரு நாய் வந்து எங்கட சப்பாத்துகளை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

படம் எடுத்தோமா என்று கேட்பீர்கள். எடுத்தோம், ஒன்று. கல்லை மட்டும், நாங்கள் இல்லாமல். அதை அன்றே அம்மம்மாவுக்கு அனுப்பினோம், கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒன்றும் எழுதாமல். ஊருக்குத் திரும்பிய பிறகு அவ அதைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டா. "அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒருக்கா வருமோ? கூட்டிக்கொண்டு வா." போன மாதம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மம்மா மரவள்ளிக்கிழங்கு அவிக்கவில்லை. புட்டு அவித்தா. இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து கன நேரம் கதைத்தார்கள். நாங்கள் பக்கத்தில் போகவில்லை.

பின்னேர ரயிலில் தொன்புரிக்குத் திரும்பினோம். மூன்றாவது 100 பாத். இரண்டு நாளில் ரயிலுக்கு மட்டும் ஆளுக்கு 300 பாத், எங்கட காசில் 2,700 ரூபா அளவில். பத்து நாளில் நாங்கள் செலவழித்ததில் மிக மலிவானது அதுதான். மலிவாகப் பயணம் போகிறோம் என்று பெருமையாகத்தான் வெளிக்கிட்டோம், இப்போதும் மலிவாகத்தான் போவோம், எங்களிடம் வேறு காசு இல்லை. ஆனால் இனிமேல் எந்த ஊர் ரயிலில் ஏறினாலும், எல்லவுக்குப் போகிற எங்கட ரயிலில் ஏறினாலும், இதை யார் போட்டது என்று முதலில் தேடிப் பார்ப்போம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

நீங்கள் போனால்: தொன்புரி ஸ்டேசன், காலை 7.50 ரயில், நேரத்தை ஒருக்கால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது இடப்பக்க யன்னல். காஞ்சனபுரியில் ஒரு இரவு தங்குங்கள், ஒரே நாளில் ஓடித் திரும்பாதீர்கள். காலையில் சேமக்காலைக்குப் போனால் விகாரைக்கும் நடந்து போங்கள். மாலைக்கு 20 பாத் தனியாக எடுத்து வையுங்கள்.